பண்டிகை முடிந்த ஹாம் எலும்பில் ஒரு பானை பீன்ஸ் சூப்: ஸ்லோ குக்கர் அனுபவம்

மிச்சிகனில், டெட்ராய்ட்டை ஒட்டிய புறநகரில் குடியிருக்கிறோம். நவம்பரில் பிடிக்கும் குளிர் ஏப்ரல் வரை விடாது. அந்த மாதங்களில் எங்கள் சமையலறையில் அதிகம் உழைப்பது ஸ்லோ குக்கர்தான், அதாவது மிதமான சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்சாரப் பானை. அதில் என்னென்னவோ சமைத்துப் பார்த்தாயிற்று. சாம்பார் சரிப்படவில்லை, கோழிக் குழம்பு சுமார்தான். ஆனால் ஒரே ஒரு சமையலுக்காக அதை யாருக்கும் தயங்காமல் சொல்வேன்: கிறிஸ்துமஸுக்கோ ஈஸ்டருக்கோ சுட்ட ஹாமில் மிஞ்சிய எலும்பையும் கறியையும் போட்டு வைக்கும் வெள்ளை பீன்ஸ் சூப். பல குளிர்காலங்களாக வைத்து வருகிறேன். இந்த ஊர்க்காரர்கள் செய்யும் முறையிலேயேதான் செய்கிறேன், மசாலா எதுவும் சேர்ப்பதில்லை. ஒரே ஒரு வேலையை மட்டும் ஸ்லோ குக்கரிடம் விடாமல் அடுப்பில் செய்துவிடுகிறேன். இந்த சூப்பின் நல்லது கெட்டது அதில்தான் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், அதற்கு வருகிறேன்.

முதலில் ஹாம். பன்றியின் பின்தொடையை உப்பும் நைட்ரைட்டும் கலந்த நீரில் ஊறவைத்து, புகைபோட்டுப் பக்குவப்படுத்தியது. கொங்குப் பக்கம் வெண்பன்றி வறுவல் சாப்பிட்டு வளர்ந்த எனக்குப் பன்றிக்கறி புதிதில்லை. ஆனால் இந்தப் புகை வாசனையும் லேசான இனிப்பும் வேறு ருசி. இங்கே பண்டிகைக்கு வாங்குவது பெரும்பாலும் எலும்பைச் சுற்றிச் சுருளாக மெல்லிய துண்டு போட்ட ஹாம். அப்படி வெட்டும் இயந்திரத்தைக் கண்டுபிடித்த ஹாரி ஹோன்ஸெலார் டெட்ராய்ட்காரர்தான். 1957இல் ஹனிபேக்ட் ஹாம் கடையைத் தொடங்கியவரும் அவரே. அதனால் எங்கள் பக்கத்தில் டிசம்பர் கடைசி வாரத்தில் பல வீட்டு ஃப்ரிட்ஜில் ஒரு எலும்பு உட்கார்ந்திருக்கும். பக்கத்து வீட்டில் அதைக் குப்பையில் போடப் போகிறார்கள் என்று தெரிந்தால் நான் கேட்டே வாங்கிவிடுவேன். சந்தோஷமாகக் கொடுப்பார்கள்.

எலும்பைச் சுத்தமாகச் சுரண்டிவிடாதீர்கள். மூட்டுப் பக்கம் ஒட்டியிருக்கும் கறி, சவ்வு, தோல் எல்லாம் இருக்கட்டும். சூப்புக்கு உடம்பு கொடுப்பது அதுதான். வெந்த ஹாமை ஃப்ரிட்ஜில் மூன்று நான்கு நாளைக்கு மேல் வைக்கக் கூடாது. உடனே சமைக்க நேரமில்லை என்றால் கறியை ஒரு பையிலும் எலும்பை ஒரு பையிலும் போட்டு ஃப்ரீஸரில் தள்ளிவிடுவேன். இரண்டு மாதத்துக்குள் எடுத்துவிட்டால் ருசி கெடாது. சமைப்பதற்கு முந்தைய நாளே எடுத்து ஃப்ரிட்ஜில் இளகவிட வேண்டும். கல்லாக உறைந்த எலும்பை அப்படியே ஸ்லோ குக்கரில் போட்டால் பானை சூடேறவே பாதி நாள் போய்விடும், அதற்குள் கறி கெடும் சூட்டிலேயே கிடக்கும்.

அடுத்தது பீன்ஸ். பொரியல் பீன்ஸ் இல்லை, ராஜ்மா குடும்பத்தைச் சேர்ந்த காய்ந்த கொட்டை. நான் போடுவது நேவி பீன்ஸ், மொச்சையைவிடச் சின்னதாக வெள்ளையாக இருக்கும். அமெரிக்கக் கடற்படைச் சாப்பாட்டில் நெடுங்காலம் இருந்ததால் அந்தப் பெயர். மிச்சிகன் மாநிலத்தைக் கையுறை மாட்டிய கை என்பார்கள். அதில் கட்டைவிரல் இருக்கும் இடத்துக்கு ‘தம்ப்’ என்றே பெயர். ஹூரான் கவுண்டியெல்லாம் அங்கேதான். நேவி பீன்ஸ் விளைச்சலில் இந்த மாநிலம் முன்னணியில் இருப்பதற்கு அந்த மண்தான் காரணம். இலையுதிர் காலத்தில் அந்தப் பக்கம் போனால் அந்த வருஷத்து அறுவடையைப் பையில் கட்டி விற்பார்கள். அது கிடைத்தால் விடாதீர்கள். கடை அலமாரியில் வருஷக்கணக்கில் கிடந்த கொட்டை எத்தனை மணி நேரம் வைத்தாலும் நடுவில் சுண்ணாம்புக் கட்டி மாதிரி நிற்கும். அதற்கு மருந்தே கிடையாது.

ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம் கொட்டையை ராத்திரியே ஊறப்போடுவேன். ஊறும் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பும் போடுவேன். உப்பு போட்டால் கொட்டை வேகாது என்று நம்மூரிலும் சொல்வார்கள், இங்கேயும் சொல்கிறார்கள். அனுபவத்தில் அது உண்மையில்லை. உப்பு நீரில் ஊறிய கொட்டையின் தோல் மிருதுவாகி, வெடிக்காமல் வேகிறது. வேகவிடாமல் தடுப்பது புளிப்பும் சுண்ணாம்புச் சத்தும்தான். அதனால் தக்காளியோ வினிகரோ ஆரம்பத்தில் வேண்டாம். கிணற்றுத் தண்ணீர் வரும் வீடாக இருந்தால் கால் தேக்கரண்டி சமையல் சோடா போடலாம்.

இப்போது அந்த அடுப்பு வேலை. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றி, கொட்டையை அடுப்பில் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். நான் இதை ஒரு தடவைகூடத் தவிர்ப்பதில்லை. காரணம் இருக்கிறது. இந்தக் குடும்பத்துப் பச்சைக் கொட்டையில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற லெக்டின் புரதம் உண்டு. அதிகம் இருப்பது சிவப்பு ராஜ்மாவில். அதில் நாலைந்து பச்சைக் கொட்டை வயிற்றுக்குள் போனாலே சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் பேதியும் வரும். நல்ல கொதி அதை அழித்துவிடும், ஆனால் மிதமான சூடு அழிக்காது. 80 டிகிரி செல்சியஸ் வரை மட்டும் சூடாக்கினால் அதன் வீரியம் பச்சைக் கொட்டையில் இருப்பதைவிட ஐந்து மடங்கு வரை கூடக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே எச்சரிக்கிறது. ஸ்லோ குக்கர் மணிக்கணக்காக உலவுவது அந்தச் சூட்டில்தான். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, தண்ணீரை மாற்றி, 30 நிமிடம் கொதிக்கவிடு என்பது அந்த நிர்வாகத்தின் அறிவுரை. வெள்ளைக் கொட்டையில் விஷம் குறைவு. இருந்தாலும் பிள்ளைகள் சாப்பிடுகிற வீடு, நான் 30 நிமிடம் கொதிக்கவிட்டுத்தான் பானையில் போடுகிறேன். பையில் இருந்து நேராக ஸ்லோ குக்கரில் கொட்டு, எட்டு மணி நேரத்தில் சூப் ரெடி என்று எழுதியிருக்கும் சமையல் குறிப்பு ஏராளம். நேவி பீன்ஸுக்குச் சொன்ன அதே குறிப்பைப் படித்துவிட்டு யாராவது ராஜ்மாவைப் போட்டால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. தயவுசெய்து கொதிக்கவைத்துவிட்டுப் போடுங்கள்.

மற்றதெல்லாம் சுலபம். பானையின் அடியில் எலும்பு. அதைச் சுற்றிக் கொட்டை. பொடியாக நறுக்கிய பெரிய வெங்காயம் ஒன்று, கேரட் இரண்டு, செலரித் தண்டு இரண்டு, நசுக்கிய பூண்டு, பே லீஃப் ஒன்று, காய்ந்த தைம் ஒரு சிட்டிகை. எல்லாம் மூழ்கும் அளவுக்கு வெந்நீர், சுமார் எட்டுக் கப். டப்பாவில் விற்கும் ஸ்டாக் ஊற்றாதீர்கள். அதிலும் உப்பு, ஹாமிலும் உப்பு, வாயில் வைக்க முடியாது. லோவில் வைத்தால் எட்டு மணி நேரம், ஹையில் வைத்தால் ஐந்து. இரண்டும் கடைசியில் கிட்டத்தட்ட ஒரே சூட்டுக்குத்தான் போய்ச் சேரும், எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதில்தான் வித்தியாசம். எனக்கு லோதான் பிடிக்கும். காலையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனால் சாயங்காலம் கதவைத் திறக்கும்போதே வாசனை வரும்.

வெந்ததா என்று பார்க்க இந்த ஊர்ப் பாட்டிமார் சொல்லும் வழி ஒன்று உண்டு. கரண்டியில் நாலு கொட்டை எடுத்து மெல்ல ஊத வேண்டும். தோல் சுருண்டு பிரிந்தால் வெந்துவிட்டது. பிரியாமல் பளபளவென்று நின்றால் இன்னும் ஒரு மணி நேரம். அப்புறம் எலும்பை இடுக்கியால் பிடித்துத் தூக்குவேன். கறி முழுக்கக் கழன்று பானையிலேயே தங்கிவிட, எலும்பு மட்டும் வெள்ளையாக வெளியே வரும். மூட்டுக் குழியில் இருக்கும் மஜ்ஜையைக் கத்தி முனையால் நெம்பி சூப்பில் தட்டிவிடுவேன். எடுத்துவைத்த ஹாம் துண்டுகளைக் கடைசி அரை மணி நேரத்தில்தான் சேர்க்க வேண்டும். முதலிலேயே போட்டால் நாராகிவிடும். ஒரு கரண்டி கொட்டையைப் பானையின் ஓரத்திலேயே மசித்துவிட்டால் சூப் தானாகக் கெட்டியாகும். உப்பு வேண்டுமா என்று ருசி பார்ப்பதும் இப்போதுதான். முக்கால்வாசி நாள் வேண்டியிருக்காது. வினிகர் ஒரு தேக்கரண்டி, நிறைய மிளகுத் தூள், அவ்வளவுதான்.

ஊரிலிருந்து அம்மா வந்திருந்தபோது பானையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “என்ன கண்ணு இது, கொட்டை வேகறதுக்கு ஒரு பகலாகுமா? குக்கர்ல வெச்சா நாலு விசில்ல ஆயிருமில்ல?”

“ஆகும்ங்கம்மா. ஆனா கொட்டை மாவாப் போயிருங்க” என்றேன்.

சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் மிளகு போடச் சொன்னார், இரண்டாவது கிண்ணமும் வாங்கிக்கொண்டார்.

ஆனால் அம்மா கேட்டது நியாயமான கேள்வி. பிரஷர் குக்கரிலும் இதை வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு மணி நேரத்துக்குள் முடிகிறது, எலும்புச் சாறும் நன்றாக இறங்குகிறது. ஆனால் கொட்டையில் பாதி வெடித்து, சூப் கலங்கிப்போகிறது. ஸ்லோ குக்கரில் கொட்டை முழுசாக நிற்கும், வாயில் வைத்தால் வெண்ணெயாகக் கரையும். எனக்கு அந்தப் பதம்தான் வேண்டும். அவசரமென்றால் பிரஷர் குக்கரே போதும், குறை சொல்ல மாட்டேன்.

இந்தச் சாதனமே பீன்ஸுக்காகப் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. சிகாகோவில் இருந்த இர்விங் நாக்ஸன் என்பவர் 1940இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். லிதுவேனியாவின் வில்னியஸில் யூதக் குடும்பங்கள் சனிக்கிழமை ஓய்வுநாளுக்காக வெள்ளி மாலையே கறியும் பீன்ஸும் நிறைந்த பானையை ரொட்டிச் சூளையில் கொண்டுபோய் வைப்பார்களாம். ராத்திரி முழுக்க அடங்கும் சூட்டிலேயே அது வெந்திருக்கும். சோலன்ட் என்ற அந்தச் சாப்பாட்டைப் பற்றி நாக்ஸனின் அம்மா சொன்ன கதைதான் அவருக்கு வழிகாட்டியது. அவர் விற்ற பானைக்குப் பெயர் நாக்ஸன் பீனரி. 1970இல் கான்சஸ் சிட்டியின் ரைவல் நிறுவனம் அவருடைய கம்பெனியை வாங்கி, அடுத்த வருஷமே கிராக்-பாட் என்ற பெயரில் வெளியிட்டது. அப்புறம்தான் வீட்டுக்கு வீடு போனது.

என்னிடம் இருப்பது ஆறு குவார்ட் (கிட்டத்தட்ட ஆறு லிட்டர்) அளவு, திருகு குமிழ் வைத்த சாதாரண வகை. ஒரு எலும்புக்கும் ஒரு பவுண்டு கொட்டைக்கும் அது சரியாக இருக்கிறது. நாலு குவார்ட் வாங்கினால் எலும்பு நிமிர்ந்து நின்று மூடி மூடாது. அடியில் 240 வாட் என்று போட்டிருக்கிறது, ஆக எட்டு மணி நேரத்துக்கு இரண்டு யூனிட்டுக்குள் முடிந்துவிடும். குறைகளும் உண்டு. உள்ளே இருக்கும் பீங்கான் பானை நல்ல கனம்; சூப்போடு தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும். சூடாக இருக்கும்போது குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடும், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேராகச் சூடேற்றினாலும் அப்படித்தான். குமிழ் வகையில் தானாக நிற்கும் வசதி கிடையாது. வீடு திரும்ப நேரமாகும் என்றால் நேரம் குறித்து வார்ம் நிலைக்குத் தானாக மாறும் வகையை வாங்குங்கள், நானும் அடுத்து அதைத்தான் வாங்குவேன். மூடியை மட்டும் திறந்து திறந்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் போன சூடு திரும்ப இருபது நிமிடமாவது ஆகும்.

வாஷிங்டனில் செனட் உணவகத்தில் தினமும் இதே நேவி பீன்ஸ் ஹாம் சூப் பரிமாறுவது நூறு வருஷத்துக்கு மேலான வழக்கம். ஐடஹோ மாநிலத்து செனட்டர் ஃப்ரெட் டுபாய் ஆரம்பித்தார் என்று ஒரு கதை, மினசோட்டா செனட்டர் நூட் நெல்சன் என்று இன்னொரு கதை. 1943 செப்டம்பரில், போர்க்காலப் பங்கீட்டால் பீன்ஸ் போதாமல் ஒரு நாள் நின்றதை இன்றும் சொல்கிறார்கள். டுபாய் பெயரில் வழங்கும் முறையில் மசித்த உருளைக்கிழங்கு உண்டு. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுதான் இஷ்டம். தொட்டுக்கொள்ள சோள ரொட்டி. இங்கே மிச்சிகனில் செல்சியா என்ற ஊரில் தயாராகும் ஜிஃபி மாவு ஒரு பாக்கெட் கலந்து அவனில் வைத்தால் இருபது நிமிடத்தில் ஆகிவிடும்.

பன்றி சாப்பிடாத நண்பர்கள் வந்தால் புகைபோட்ட வான்கோழிக் கால் போட்டு வைப்பேன். ருசி கிட்டத்தட்ட வரும், கொழகொழப்பு கொஞ்சம் குறையும். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இந்த சூப்பை நான் தாராளமாக ஊற்றுவதில்லை. உப்பே போடாவிட்டாலும் ஹாமில் இருக்கும் உப்பு இறங்கத்தான் செய்யும்.

மிச்சத்தைப் பானையோடு ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள்; அத்தனை கனத்த பீங்கானில் சூடு இறங்க நேரமாகும். ஆழமில்லாத டப்பாக்களில் ஊற்றி, அணைத்த இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிட வேண்டும். மறுநாள் எடுத்தால் கரண்டி நட்டால் நிற்கும் அளவுக்கு உறைந்திருக்கும். நல்ல எலும்புக்கு அதுதான் அடையாளம். அரை கப் தண்ணீர் விட்டு அடுப்பில் கொதிக்கவிட்டால் இளகிவிடும், ருசியும் முதல் நாளைவிட ஒரு படி மேல். ஃப்ரிட்ஜில் மூன்று நான்கு நாள், ஃப்ரீஸரில் இரண்டு மூன்று மாதம் தாங்கும். உருளைக்கிழங்கு கலந்ததை மட்டும் உறைய வைக்காதீர்கள். இளகும்போது கிழங்கு சொரசொரத்து நீர் விட்டுவிடும். சாப்பிடும் நாளில் தனியாக வேகவைத்து மசித்துக் கலந்துகொள்ளலாம்.