இரவு லென்சும் எங்கள் வீட்டுத் தண்ணீரும்

தன் மகனுக்கு ஆர்த்தோ-கே லென்ஸ் வாங்கலாமா என்று அண்ணி கேட்டிருக்கிறார். கிட்டப்பார்வைக்காக இரவில் கண்ணில் போட்டுத் தூங்கி, காலையில் கழற்றும் லென்ஸ் இது. தூங்கும்போது கருவிழியின் வடிவத்தைத் தற்காலிகமாக மாற்றுவதால் பகலில் கண்ணாடி இல்லாமலே தெரியும். பதில் நீண்டுவிட்டதால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு மூன்றாம் வகுப்பிலிருந்தே கண்ணாடி. ஒவ்வொரு பரிசோதனையிலும் பவர் ஏறியிருக்கும். கண் முன்பின்னாக நீள நீளத்தான் கிட்டப்பார்வை ஏறுகிறது. லென்ஸ் போடத் தொடங்கிய பின் கண்ணின் நீளம் வளரும் வேகம் நன்றாகவே குறைந்திருக்கிறது. நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. 2012-இல் வெளிவந்த ஹாங்காங் ஆய்விலும், இரண்டு ஆண்டுகளில் சாதாரணக் கண்ணாடி அணிந்த குழந்தைகளின் கண் 0.63 மி.மீ. நீண்டது, இந்த லென்ஸ் அணிந்தவர்களுக்கு 0.36 மி.மீ. தான். பகல் முழுவதும் கண்ணாடியே இல்லாமல் அவள் இறகுப்பந்து ஆடுகிறாள். அதைப் பார்க்க எனக்கு அலுப்பதே இல்லை.

ஆனால் தண்ணீர்! லென்சிலும் டப்பாவிலும் ஒரு துளிகூடப் படக்கூடாது. கேன் தண்ணீரும் ஆகாது, காய்ச்சிய தண்ணீரும் ஆகாது. தண்ணீரில் வாழும் அகந்தமீபா என்ற நுண்ணுயிர், மூடிய இமைக்குள் லென்சுக்கு அடியில் சிக்கினால் கருவிழியைப் புண்ணாக்கிப் பார்வையையே பறிக்கலாம். கூடு கட்டிக்கொண்டால் குளோரினுக்கும் எளிதில் சாகாது. எங்கள் வீட்டிலோ லாரித் தண்ணீர் சம்ப்பில் இறங்கி, மேல்தொட்டிக்கு ஏறி, குழாய்க்கு வருகிறது. அந்தத் தண்ணீரில்தான் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பிறகு ஈரமே இல்லாமல் துடைக்க வேண்டும். ஐப்பசி மழையில் எந்தத் துண்டு காய்கிறது? ஊரிலிருந்து வந்த மாமியார், பேத்தியின் டப்பா சுத்தமாக இருக்கட்டும் என்று குழாயில் அலசி வைத்தார். அன்றே அதைத் தூக்கி எறிந்தேன். அவர் முகம் வாடியது இன்னும் மனதில் இருக்கிறது. லென்ஸ் விற்ற இடத்தில் விலையைப் பற்றி விரிவாகப் பேசினார்கள். தண்ணீர் பற்றிக் கையேட்டில் ஒரே வரி. அந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை.

காலையில் லென்ஸ் கண்ணோடு ஒட்டியிருக்கும். சொட்டு மருந்து விட்டு, அது அசையும் வரை பொறுத்துத்தான் எடுக்க வேண்டும். வாசலில் பள்ளி வேன் ஹாரன் அடித்தாலும் அவசரப்படக் கூடாது. மெட்ராஸ் ஐ வந்தால் லென்சை நிறுத்த வேண்டும். பழைய பவர் மெல்ல மெல்லத் திரும்பும் அந்த நாட்களில் பழைய கண்ணாடியும் சரியாகப் பொருந்தாது, கண்ணாடி இல்லாமலும் தெரியாது.

மகளுக்குப் புது ஜோடிக்கு அளவு கொடுத்துவிட்டோம். இருந்தாலும் அண்ணி, உங்கள் வீட்டுக்கு இது வேண்டாம். இருவரும் வேலை முடிந்து வரவே ஒன்பது மணியாகிறது. களைத்த கையோடு செய்கிற வேலை இல்லை இது. கண் சிவந்தாலோ வலித்தாலோ லென்சைக் கழற்றி அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும், ஞாயிற்றுக்கிழமையானாலும். பவர் ஏறும் வேகத்தைக் குறைக்கக் கொடுக்கும் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து பற்றி மருத்துவரிடம் முதலில் கேளுங்கள். அதற்குப் பிறகும் லென்ஸ்தான் என்றால், பணம் கட்டும் முன் ஓர் இரவு எங்கள் வீட்டில் தங்கிப் பாருங்கள்.