மீத்தன்கே பாடி: வெயிலப் பாத்து போகாதேங்கோ, தண்ணி எத்தினை டிகிரி எண்டு பாத்திட்டு போங்கோ

சூரிச்சில சம்மர் (கோடை) துவங்கினா எங்கட ஆக்கள் கேக்கிறது ஒண்டுதான், பிள்ளையளோட போறதுக்கு எந்த பாடி (Badi, ஏரிக்கரையில குளிக்கிற இடம்) நல்லம் எண்டு. நான் ஒவ்வொரு முறையும் சொல்லுறது மீத்தன்கே. சூரிச் ஏரியின்ர இடக்கரையில, வொல்லிஸ்ஹோஃபனுக்கு கிட்ட, 1922ல திறந்த பழைய பாடி. நீட்டுக்கு மணல், நல்ல நிழல் மரங்கள், சின்னாக்களுக்கு தனிய குளம், நீந்தத் தெரிஞ்ச ஆக்களுக்கு தண்ணிக்க மிதக்கிற மேடை எண்டு எல்லாம் இருக்கு. பெரியாக்களுக்கு 8 பிராங். பக்கத்தில லான்டிவீசை எண்ட புல்வெளிக் கரை காசில்லாம கிடக்கேக்க ஏன் காசு குடுப்பான் எண்டு சிலபேர் கேக்கினம். கரை மெல்ல மெல்லத்தான் ஆழமாகும், பாட்மைஸ்டர் (பாடியின்ர காவலர்) பாத்துக்கொண்டு நிப்பார், அதுக்குத்தான் அந்தக் காசு. நீந்தத் தெரியாத பிள்ளையள் எண்டா யோசிக்கவே தேவையில்லை.

ஆனா எனக்கு இதில பெரிய வசதி எண்டு படுறது வேற. தண்ணிப் பொலிசின்ர அளவுக் கருவி அங்க மீத்தன்கேயிலதான் இருக்கு, ஏரித் தண்ணி எத்தினை டிகிரி, காத்து எவ்வளவு எண்டு 10 நிமிசத்துக்கு ஒருக்கா நெற்றில போடும். வீட்டில இருந்து பாத்துப்போட்டு வெளிக்கிடலாம். எங்கட ஆக்கள் கனபேர் வெயிலப் பாத்து போகினம், அங்கதான் பிழைக்குது.

ஏனெண்டா ஏரி சூடாகிறதும் பிந்தித்தான், ஆறுறதும் பிந்தித்தான். மே மாசம் வெளியில 25 டிகிரி வெயில் கொளுத்தும், தண்ணி 14, 15ல நிக்கும். அதே 25 டிகிரி வெயில் செப்டம்பர் முதல் கிழமை வந்தா தண்ணி 20க்கு மேல இருக்கும். அதால பிள்ளையளோட போக மேயை விட செப்டம்பர்தான் நல்லம் எண்டு நான் சொல்லுவன், சனமும் குறைவு. ஆடி ஆவணியில 22ல இருந்து 25 வரைக்கும் போகும், அது நீந்திற குளத்துத் தண்ணி மாதிரி, ஒருத்தருக்கும் பிரச்சினை இல்லை. ஒக்டோபர்ல 15, 16க்கு இறங்கி மாசி மாதிரி 5, 6ல வந்து நிக்கும். ஊரில கடல்தண்ணி 27, 28க்கு கீழ பெரிசா போறேல்ல, அதில பழகின உடம்புக்கு 18 எண்டாலே குளிர்தான், அதில வெக்கப்பட ஒண்டும் இல்லை.

கடலில நல்லா நீந்துவன் எண்டு சொல்லுற ஆக்களுக்கு இன்னொண்டு. உப்புத்தண்ணி தூக்கிக் குடுக்கிற மாதிரி ஏரித்தண்ணி தூக்காது, கால் கொஞ்சம் தாழும், கெதியா களைக்கும். மேடை கிட்டத்தானே எண்டு நினைச்சு போகாம முதல் கொஞ்ச நேரம் கரையோட நீந்திப் பாருங்கோ.

இனி இந்த ஏரியின்ர சேட்டையள். சம்மரில சூடா இருக்கிறது மேல் தண்ணி மட்டும்தான், கீழ போகப் போக ஆடி மாசத்திலயும் 10 டிகிரிக்கு குறைஞ்ச தண்ணி கிடக்கும் (ஏரியின்ர ஆகக்கூடின ஆழம் 136 மீற்றர்). காத்தில்லாம நாலைஞ்சு நாள் வெயில் எறிச்சா மேல சூடு, காலை கீழ விட்டா குளிர் எண்டு உங்களுக்கே தெரியும். பிறகு ஒரு இரவு நல்ல காத்தும் புயலும் அடிச்சா எல்லாம் கலங்கி, மேல் தண்ணிய மற்றக் கரைக்கு தள்ளிப்போட்டு கீழ கிடந்த குளிர்தண்ணி மேல வந்திடும், நேற்று 24 எண்டு கிடந்தது இண்டைக்கு 19, 20ல நிக்கும், அதுவும் அதே வெயிலோட. அதுக்காகத்தான் கிளம்ப முன்னம் பாக்கச் சொல்லுறன், நேற்று பாத்தது சரிவராது.

அந்தப் புயல் எண்டதையும் சொல்லிப்போடுறன். ஏரியைச் சுத்தி செம்மஞ்சள் லைற்றுகள் இருக்கு. நிமிசத்துக்கு 40 தரம் மின்னினா கவனமா இருங்கோ எண்டு அர்த்தம், 90 தரம் மின்னினா புயல் வருது, உடன கரைக்கு வந்திடோணும். கனபேர் அது கப்பலுக்கு எண்டு நினைச்சுக்கொண்டு குளிச்சுக்கொண்டே நிப்பினம்.

குளிர்தண்ணிக்க குதிக்கிற கதை. 15க்கு கீழ எண்டால் எவ்வளவு நல்ல நீச்சல்காரர் எண்டாலும் திடீரெண்டு குதிச்சா உடம்பு தானா ஒரு பெரிய மூச்சை இழுக்கும், அந்த நேரம் தலை தண்ணிக்க இருந்தா தண்ணிதான் உள்ளுக்க போகும். முதல் நிமிசம்தான் மோசம், இரண்டு மூண்டு நிமிசத்தில மூச்சு அடங்கும், அதுவரைக்கும் நீந்த வெளிக்கிடாம பிடிச்சுக்கொண்டு நிண்டா காணும். அதுக்குப் பிறகு உடம்பு பழகீட்டுது எண்டு நம்பி தூரம் போகவும் கூடாது, கை கால் விறைச்சு சொல்வழி கேக்காமப் போயிடும். சுவிஸ் உயிர்காப்புச் சங்கத்தின்ர ஆறு விதியள் போர்ட்டில இருக்கும், அதில மூண்டு: வெயில் காஞ்ச உடம்போட குதிக்கக்கூடாது, தூரம் எண்டா தனிய போகக்கூடாது, சின்னப்பிள்ளையள் கை எட்டிற தூரத்தில இருக்கோணும். நான் கடைசியா சொன்ன இந்த விதியை போனை பாத்துக்கொண்டிருக்கிற அப்பாமார் நாலு தரம் வாசிக்கோணும்.

பிள்ளையள் எங்களை விட கெதியா விறைப்பினம். சொண்டு நீலமாகினா "இன்னும் அஞ்சு நிமிசம் அம்மா" எண்டு கெஞ்சினாலும் வெளியில எடுங்கோ. வெளியில வந்த பிறகும் கொஞ்ச நேரம் உடம்புச் சூடு இறங்கிக்கொண்டுதான் இருக்கும், அதால ஈர உடுப்பைக் கழட்டி, துடைச்சு, தடிப்பா ஏதும் போட்டு, சூடா தேத்தண்ணி குடுங்கோ. சுடுதண்ணி ஷவருக்கு ஓட வேண்டாம், அது பிறகு.

வின்ரரில குளிக்க ஆசைப்படுற ஆக்களுக்கு இது சரிவராது, மே நடுவில திறந்து செப்டம்பரோட பூட்டீடுவினம். அவை என்கே (Enge) எண்ட இடத்துப் பாடிக்குப் போகட்டும், அங்க வின்ரரில சோனா இருக்கு, ஏரிக்க இறங்கிப்போட்டு ஓடிவந்து சூடேறலாம். பழைய மரக்கட்டிடம் பாக்க விருப்பம் எண்டா மற்றக் கரையில ஊட்டோகே பாடி இருக்கு, 1890ல கட்டினது, வடிவா இருக்கும், ஆனா இறங்கினா நேர ஆழம்தான், சின்னாக்களோட போறதுக்கில்லை. பொம்பிளையள் மட்டும் தனிய குளிக்கோணும் எண்டா ஸ்டட்ஹவுஸ்கேயில பெண்கள் பாடி இருக்கு, எங்கட அம்மாமார் சிலபேர் அங்கதான் முதல்தரம் தண்ணிக்க இறங்கினவை.

மீத்தன்கேக்கு நான் 5க்கு 5 குடுப்பன். கார் கொண்டுபோகாதேங்கோ, புர்க்லிப்ளாட்ஸில இருந்து 161, 165 பஸ் போகுது, இல்லாட்டி வொல்லிஸ்ஹோஃபனில இறங்கி நடக்கலாம். சனி ஞாயிறு வெயில் எண்டா விடியவே போய் மரத்துக்குக் கீழ இடம் பிடியுங்கோ, சோத்துப் பாசலும் கட்டிக்கொண்டு போங்கோ.