சோழகம் என்றால் என்ன? கணினியின் பல வழிகள்

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த பெரியவர், "சோழகம் எழும்பிவிட்டது, தம்பி" என்றார். எனக்குச் சோழ மன்னர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். இந்தச் சொல் கணினியின் முன் திடீரென்று வந்து நின்றால் அது என்ன செய்யும்?

பழைய வழி, அகராதியைப் புரட்டுவது. தென்காற்று என்று விடை கிடைத்துவிடும். ஆனால் 'சோழகத்தோடு' என்ற வடிவத்துக்கு அங்கே தலைச்சொல் கிடையாது.

உருபையும் அத்துச் சாரியையையும் கழற்ற இலக்கணப் பகுப்பு நிரல் வேண்டும். அது கச்சிதமாகக் கழற்றும். சில சமயம் கை நீண்டு சோழ, அகம் என்று வெட்டிச் சோழனின் வீடாக்கிவிடும். நான் அதைக் கேலி செய்ய முடியாது.

2013இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட வேர்ட்-டு-வெக், சொற்களை எண்களாக மாற்றும் ஒரு நிரல். அது சொல்லின் உடம்பைப் பார்க்காது, அக்கம்பக்கத்தைத்தான் பார்க்கும். வீசியது, அடித்தது, கடல், படகு ஆகியவற்றுக்கு நடுவே ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தால் அதைக் காற்றுகளின் பக்கத்தில் உட்கார வைக்கும். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். இருந்தாலும் பயிற்சியில் காணாத சொல்லுக்கு அது கையை விரித்துவிடும். அதைவிடப் பெரிய குறை, வாடையும் இதே தெருவில்தான் குடியிருக்கிறது. வடகாற்றும் தென்காற்றும் அதன் கணக்கில் ஏறக்குறைய ஒன்று! கடலுக்குப் போகிறவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

2016இல் ஃபேஸ்புக்கிலிருந்து வந்த ஃபாஸ்ட்டெக்ஸ்ட், சொல்லை மூன்று முதல் ஆறு குறிகள் கொண்ட துண்டுகளாக நறுக்கி, அவற்றின் எண்மதிப்புகளைச் சேர்க்கும். ஆகவே 'சோழகத்தோடு' அதற்குப் பொருட்டே இல்லை. உருபுகளை அடுக்கிக்கொண்டே போகும் தமிழுக்கு இது பெரிய உதவி. 'சோழ' என்ற துண்டு மட்டும் மறுபடியும் தஞ்சாவூர்ப் பக்கம் இழுக்கும்.

சாட்ஜிபிடி போன்றவற்றை இயக்கும் இன்றைய பெருமொழி மாதிரிகள் துண்டுகளோடு வாக்கியம் முழுவதையும் சேர்த்து எடைபோடுகின்றன. "சோழகம் கைகொடுத்தது, துடுப்பே போடாமல் பாய் விரித்துக் கடலூரிலிருந்து புதுச்சேரி போய்ச் சேர்ந்தோம்" என்று ஒரு வரி கொடுத்தால் போதும். புதுச்சேரி வடக்கே இருக்கிறது என்று அறிந்திருக்கும் மொழி மாதிரி, காற்று தெற்கிலிருந்து அடித்தது என்று ஊகித்துவிடலாம். அந்தப் பாய் படுக்கிற பாய் அல்ல என்பதும் அதற்குப் பிடிபட்டிருக்க வேண்டும்.