மாத்திரையை நிறுத்தினால், ஊசியை நிறுத்தினால்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் பெண்கள் கருத்தடை மாத்திரையை நிறுத்துவதையும் கருத்தடை ஊசியை நிறுத்துவதையும் ஒன்றாக எண்ணிக் கலங்குகிறார்கள்.

கருத்தடை மாத்திரையை நிறுத்திய சில நாட்களில் வரும் உதிரப்போக்கு உண்மையான மாதவிடாய் அன்று. ஹார்மோன் குறைந்ததன் விளைவு. கருமுட்டை இரண்டு வாரத்திலேயே வெளிவரலாம். அதாவது, அடுத்த மாதவிடாயைப் பார்க்கும் முன்பே கரு தங்கிவிடலாம். இதைப் பலர் அறியாததுதான் என் வருத்தம். சுழற்சி சீராகச் சில மாதங்கள் ஆகலாம். 3 மாதமாகியும் வராவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். மாத்திரைக்கு முன்பே ஒழுங்கில்லாமல் இருந்தால், அந்தப் பழைய சிக்கலே திரும்பியிருக்கலாம்.

அரசு மருத்துவமனையில் 3 மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகப் போடும் 'அந்தரா' ஊசி வேறு. கடைசி ஊசிக்குப் பின் கரு தங்க 7 முதல் 10 மாதம் ஆகலாம். மலட்டுத்தன்மை என்று மாமியார் சொன்னால் நம்பாதீர்கள்.

நிறுத்தியபின் விரைவில் குழந்தை வேண்டுமென்றால் மாத்திரையே என் தேர்வு. தாய்ப்பால் கொடுப்பவருக்கு, பிரசவமாகி 6 வாரம் கழித்து, ஊசி.