பார்ட் 36 ஆஃபரா, கால்டர்பேங்க் கடிதமா? டிரஸ்ட் வழக்கில் செலவு யார் தலையில்?

இங்கிலாந்து, வேல்ஸ் நீதிமன்றங்களில், பிறருக்காகச் சொத்தை நிர்வகிக்கும் டிரஸ்டியும் அதன் பலனைப் பெறும் பயனாளியும் மோதிக்கொள்ளும்போது, ராஜிக்கு எழுத இரண்டு வழிகள் உண்டு. சிவில் நடைமுறை விதிகளின் 36-ஆம் பகுதிப்படி தரும் 'பார்ட் 36' ஆஃபர் ஒன்று. 1975-இல் தீர்ப்பான ஒரு விவாகரத்துச் சொத்து வழக்கின் பெயர் ஒட்டிக்கொண்ட கால்டர்பேங்க் கடிதம் இன்னொன்று. தீர்ப்பு வரும்வரை இரண்டையுமே நீதிபதியிடம் காட்டக் கூடாது. வழக்குச் செலவை யார் தருவது என்ற கேள்வி எழும்போதுதான் அவை வெளியே வரும்.

பார்ட் 36-இல் விளைவு முன்கூட்டியே தெரியும். எதிராளிக்குக் குறைந்தது 21 நாள் அவகாசம் தர வேண்டும். டிரஸ்டி தந்த ஆஃபரைப் பயனாளி மறுத்து, தீர்ப்பில் அதைவிட நல்லது எதுவும் கிடைக்காவிட்டால், அவகாசம் முடிந்த நாளிலிருந்து டிரஸ்டியின் செலவைப் பயனாளிதான் கட்ட வேண்டும். வழக்கில் ஜெயித்தும் கைக்காசு போகும். பயனாளி தந்த ஆஃபரை டிரஸ்டி மறுத்து, தீர்ப்பு அதற்குக் குறையாமல் வந்தாலோ அடி இன்னும் பலம்: சந்தேகம் வந்தால் பயனாளிக்குச் சாதகமாகப் பார்க்கும் தாராளக் கணக்கில் அவருடைய வழக்குச் செலவு, இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டி விகிதத்துக்கு மேல் 10% வரை வட்டி, அதற்கும் மேல் 75,000 பவுண்டு வரை கூடுதல் தொகை. அநியாயம் என்று நீதிமன்றம் கருதினால் மட்டுமே விலக்கு.

கால்டர்பேங்க் கடிதத்துக்கு இந்தப் பல் கிடையாது. அதையும் கணக்கில் எடுப்பார்கள், எவ்வளவு என்பது நீதிபதியின் விருப்புரிமை. அப்புறம் எதற்கு அதை எழுதுவது?

டிரஸ்ட் சண்டை வெறும் பணச் சண்டையாக இருப்பது குறைவு என்பதால்தான். "நான் பொறுப்பிலிருந்து விலகுகிறேன், அவரவர் செலவை அவரவர் பார்த்துக்கொள்வோம்" என்று ஒரு டிரஸ்டி சொல்ல நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பார்ட் 36-இல் அதைச் சொல்ல முடியாது. அவகாசத்துக்குள் பயனாளி ஏற்றுக்கொண்டால் அதுவரையான பயனாளியின் செலவும் பிரதிவாதியான டிரஸ்டி மேல் விழும். பணம் தருவதாகச் சொன்னால் 14 நாளில் கட்டியாக வேண்டும். டிரஸ்டின் சொத்து முழுவதும் விற்காத ஒரு வீடாக இருந்தால் அந்தக் கெடு நடக்கிற காரியமா? கால்டர்பேங்க் கடிதத்தில் "வீடு விற்றதும் தருகிறேன்" என்று எழுதலாம், காலாவதித் தேதியும் போடலாம். பார்ட் 36 ஆஃபரோ, அவகாசம் முடிந்தபின் தானாக முடியும் என்று அதிலேயே எழுதாவிட்டால், எழுத்தில் திரும்பப் பெறும்வரை நிற்கும். எதிராளி மறுத்தாலும், மாற்று ஆஃபர் தந்தாலும் அது சாகாது.

எந்தக் கடிதமானாலும் டிரஸ்டிகள் மறக்கிற விஷயம் ஒன்று உண்டு. "டிரஸ்ட் நிதியிலிருந்துதானே செலவு போகிறது" என்று தெம்பாக இருப்பார்கள். முறையாகச் செய்த செலவுக்குத்தான் அந்த உரிமை. தன் சொந்த நலனுக்காகவோ நியாயமில்லாமலோ வழக்காடினால் அது பறிபோகும். நல்ல ஆஃபரை உதறியது அதற்குச் சாட்சியாக எதிரே வந்து நிற்கும்.

டிரஸ்ட் பத்திரத்தின் பொருள் என்ன என்று டிரஸ்டி நட்பாகக் கேட்கும் வழக்கு வேறு. 1907-இன் பக்டன் தீர்ப்பிலிருந்து அதற்கு நிதியே செலவு தருவது வழக்கம், எனவே அங்கே ஆஃபருக்குப் பெரிய வேலை இல்லை. பயனாளிகளில் சிறுவர்களோ இன்னும் பிறக்காதவர்களோ இருந்தால் ராஜிக்கு நீதிமன்ற ஒப்புதலும் வேண்டும். 21 நாள் அதற்குப் போதாது.

என் கணிப்பு: டிரஸ்ட் கடமையை மீறியதற்காக டிரஸ்டியிடம் பணம் கேட்கும் பயனாளி யோசிக்காமல் பார்ட் 36 தரலாம். வீடும் பதவியும் சிக்கலுமாக மாட்டியிருக்கும் டிரஸ்டிக்குக் கால்டர்பேங்க்தான் பொருந்தும். ஆனால் இரண்டு வரியில் எழுதி அனுப்பக் கூடாது. சொத்து மதிப்பீடு, கணக்கு, தொகை வந்த விதம் எல்லாம் கடிதத்திலேயே இருக்க வேண்டும். மறுத்தது நியாயமா என்று நீதிபதி பார்க்கும்போது, எதிராளியின் கையில் அன்று என்ன தகவல் இருந்தது என்பதைத்தான் முதலில் கேட்பார்.