பிடெக் மூன்றாம் நிலை இ-ஸ்போர்ட்ஸ்: ஒரு தொழிற்கல்வித் தகுதியின் மதிப்புரை

இங்கிலாந்தில் 16 வயதைக் கடந்த மாணவர்களுக்கு, போட்டி முறையில் ஆடப்படும் கணினி விளையாட்டான இ-ஸ்போர்ட்ஸ், 2020 செப்டம்பர் முதல் ஒரு தொழிற்கல்விப் பாடமாகக் கற்பிக்கப்பட்டு வருகிறது. கல்வித் தகுதிகளை வழங்கும் பியர்சன் நிறுவனமும், 2016இல் தொடங்கப்பட்ட இலாப நோக்கற்ற பிரிட்டிஷ் இ-ஸ்போர்ட்ஸ் அமைப்பும் இணைந்து இத்தகுதியை உருவாக்கின. இதன் பெயரில் உள்ள பிடெக் என்பது 1984 முதல் அந்நாட்டில் வழங்கிவரும் தொழிற்கல்வித் தகுதிகளின் பொதுப்பெயர், பி.டெக். பொறியியல் பட்டத்தோடு அதற்குத் தொடர்பு இல்லை. மூன்றாம் நிலை என்பது, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய பள்ளி இறுதித் தகுதியான ஏ லெவலுக்கு இணையான படி. பாடத்திட்டத்தை அலகு அலகாக வாசித்ததன் அடிப்படையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே கூறிவிடுகிறேன். ஒரு போட்டியை நடத்தவும் ஒளிபரப்பவும் கற்பிக்கும் பகுதிகளில் இது மிகச் சிறந்த தொழிற்கல்வி. ஆட்டக்காரராகும் கனவை முன்னிறுத்தி விற்கப்படும் இடங்களில் இது பலவீனமானது. எந்தப் பகுதி மாணவருக்குக் கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பது, பெரும்பாலும் அவர் சேரும் கல்லூரிதான்.

முதலில் இதன் அளவைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரே பாடம் பல அளவுகளில் கிடைக்கிறது. 360 மணிநேர வகுப்புக் கற்றலைக் கொண்ட விரிவுச் சான்றிதழ் ஒரு ஏ லெவல் பாடத்துக்கும், 720 மணிநேர டிப்ளமோ இரண்டுக்கும், 1080 மணிநேர விரிவு டிப்ளமோ மூன்றுக்கும் இணையானவை. பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூகாஸ் புள்ளிகளும் அதே விகிதத்தில் அமைகின்றன: விரிவு டிப்ளமோவில் மிக உயர்ந்த தரமான டிஸ்டிங்ஷன் ஸ்டாரை மூன்று முறை பெறும் மாணவருக்கு 168 புள்ளிகள், மூன்று ஏ லெவல் பாடங்களிலும் ஏ ஸ்டார் பெறுபவருக்கும் அதே 168தான். ‘விளையாட்டுப் பிள்ளைகளுக்கான படிப்பு’ என்று இதனை ஒதுக்குவோர் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும். ஆனால் புள்ளிகள் சமமாக இருப்பதாலேயே எல்லாத் துறைகளின் கதவுகளும் திறந்துவிடும் என்று பொருளில்லை.

பாடத்திட்டத்தின் சிறந்த பகுதி நிகழ்ச்சி நடத்துதலும் நேரலை ஒளிபரப்பும். மாணவர்கள் ஒரு போட்டியைத் திட்டமிட்டு, விளம்பரப்படுத்தி, நடத்தி, பிறகு அதனை மதிப்பிட வேண்டும். சொல்வதற்கு எளிது; செய்யும்போதுதான் எத்தனை தொழில்கள் அதற்குள் ஒளிந்திருக்கின்றன என்பது புலப்படும். பதினாறு அணிகள் வந்தால் நாக் அவுட் முறையில் பாதி அணிகள் ஒரே ஆட்டத்தோடு வீடு திரும்பிவிடும். எல்லா அணிகளும் ஒன்றோடொன்று மோதும் ரவுண்ட் ராபின் வைத்தால் 120 ஆட்டங்கள் நடத்த வேண்டியிருக்கும். ஒரே அளவு வெற்றி பெற்ற அணிகளை அடுத்த சுற்றில் மோதவிடும், சதுரங்க ரசிகர்கள் நன்கு அறிந்த சுவிஸ் முறை இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு வழியைத் தருகிறது. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்னும் அணி விளையாட்டின் உலகப் போட்டி 2023இல் அந்த முறைக்கு மாறியதன் காரணத்தை, தன் கல்லூரிப் போட்டிக்கு அட்டவணை போட்டுப் பார்த்த மாணவர் எளிதாக விளக்கிவிடுவார். இணைப்பு துண்டிக்கப்பட்டால் ஆட்டத்தை எவ்வளவு நேரம் நிறுத்திவைப்பது, தாமதமாக வரும் அணிக்கு எப்போது தோல்வி அறிவிப்பது, முறையீட்டை யார் விசாரிப்பது என்பனவற்றையெல்லாம் விதிநூலாக எழுதிவைக்கும் பயிற்சி, ஒரு 17 வயது மாணவருக்குக் கிடைக்கக்கூடிய அரிய நிர்வாகப் பயிற்சி.

ஒளிபரப்பு அலகும் அதே தரத்தில் உள்ளது. ஆட்டத்துக்குள் கேமராவை நகர்த்தி, அடுத்த மோதல் எங்கே வெடிக்கும் என்று முன்கூட்டியே கணித்துக் காட்டும் அப்சர்வர், காட்சிகளை மாற்றும் தயாரிப்பாளர், வர்ணனையாளர்களின் ஒலியையும் ஆட்ட ஒலியையும் சமன்படுத்தும் ஒலிப்பொறுப்பாளர் ஆகியோர் ஒரே நேரத்தில் ஒத்திசைந்து இயங்க வேண்டும். ஒளிபரப்பைச் சில நிமிடங்கள் தாமதப்படுத்தாவிட்டால் எதிரணி நேரலையைப் பார்த்தே நம் அணியின் இருப்பிடத்தை அறிந்துகொள்ளும் என்பதையும், பின்னணியில் ஒலிக்கும் ஒரு பாடலுக்கு உரிமை பெறாவிட்டால் பதிவு முழுவதும் நீக்கப்படக்கூடும் என்பதையும், 18 வயதுக்குட்பட்டோரின் முகத்தையும் பெயரையும் இணையத்தில் காட்டுமுன் ஒப்புதல் பெற வேண்டும் என்பதையும் ஒரு முறை நேரலை நடத்தினால் மறக்க முடியாதபடி கற்றுக்கொள்வர். வர்ணனைக்கென்றே தனி அலகு இருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளித்தது. ஆட்டத்தின் ஓட்டத்தை நொடிக்கு நொடி சொல்லும் வர்ணனையாளரும், அதன் காரணங்களை விளக்கும் ஆய்வாளரும் ஒருவருக்கொருவர் இடம்விட்டுப் பேசுவது, எழுத்துத் தேர்வால் அளக்க முடியாத ஒரு மொழித்திறன். இவ்வலகுகளில் பெறும் திறன் கச்சேரி, கருத்தரங்கு, உள்ளூர் கால்பந்து என எந்த நேரலைக்கும் பயன்படும். இ-ஸ்போர்ட்ஸ் துறை நாளை சுருங்கினாலும் அந்த மாணவரின் கைத்தொழில் சுருங்காது.

மதிப்பீடு முழுவதும் கல்லூரிக்குள் நடைபெறும் ஒப்படைப்புகளின் வழியே நிகழ்கிறது. எழுத்துத் தேர்வு இல்லை. தேர்ச்சி, மெரிட், டிஸ்டிங்ஷன் ஆகிய ஒவ்வொன்றுக்கும் எழுதப்பட்ட அளவுகோல் உண்டு. விளக்கினால் தேர்ச்சி, பகுத்தாய்ந்தால் மெரிட், சான்றுகளோடு மதிப்பிட்டால் டிஸ்டிங்ஷன் என்று ஏறக்குறைய கூறலாம். குறித்த நாளில் ஒப்படைக்காத மாணவருக்கு மறுஒப்படைப்பு வாய்ப்பு கிடைக்காது. குறித்த நாளில் ஒப்படைத்தவருக்குக் கிடைத்தாலும் ஒரே முறைதான். திருத்திய ஆசிரியரின் முடிவுகளைக் கல்லூரிக்குள்ளேயே மற்றொருவர் சரிபார்க்க, பியர்சன் அனுப்பும் சரிபார்ப்பாளர் மாதிரிகளை எடுத்துப் பார்க்கிறார். எனவே தேர்வில்லாப் படிப்பு எளிய படிப்பு என்ற எண்ணத்தோடு சேருவோர் முதல் பருவத்திலேயே திணறுவர். ஏனெனில் ஒவ்வொரு செயலுக்கும் எழுத்துச் சான்று கேட்கப்படுகிறது. நடத்திய போட்டியைவிட, நடத்தியதைப் பற்றி எழுதும் அறிக்கை சில இடங்களில் பெரிதாகிவிடுகிறது. கையால் செய்வதில் வல்லவராகவும் எழுதுவதில் தயக்கம் உடையவராகவும் இருக்கும் மாணவர்களுக்காகவே தொழிற்கல்வி என்றால், இந்தச் சுமை குறைக்கப்பட வேண்டும். பதிவு செய்த செயல்முறை விளக்கத்தையும் வாய்மொழி விளக்கத்தையும் சான்றாக ஏற்கும் வாய்ப்பை ஆசிரியர்கள் இன்னும் துணிவாகப் பயன்படுத்தலாம்.

கல்லூரியின் கணினி அறையைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். சேருமுன் பெற்றோர் பார்க்கத் தவறும் இடம் அதுதான். வண்ண விளக்குகள் ஒளிரும் விசைப்பலகைகளும் பந்தய இருக்கைகளும் கண்காட்சி நாளில் கவர்ச்சியாக இருக்கும். உண்மையான கேள்விகள் வேறு. கல்வி நிறுவனங்களின் கணினி வலைப்பின்னல், மாணவர்கள் எதையும் நிறுவ முடியாதபடியும், விளையாட்டுச் சேவையகங்களோடு தொடர்புகொள்ள முடியாதபடியும் திட்டமிட்டே பூட்டப்பட்டிருக்கும். மறுதொடக்கம் செய்தவுடன் பழைய நிலைக்குத் திரும்பும்படி அமைத்த கணினிகளில், முந்தைய நாள் பதிவிறக்கிய விளையாட்டுப் புதுப்பிப்பு மறுநாள் காணாமல் போகும். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ், வேலரண்ட் ஆகிய விளையாட்டுகளின் உரிமையாளரான ரயட் நிறுவனத்தின் வேன்கார்ட் என்னும் மோசடித் தடுப்பு மென்பொருள், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் மட்டத்தில் இயங்குவது. வேலரண்டுக்கு விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் ஆகிய இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கோருவது. முதலில் வேலரண்டுக்கு மட்டும் இருந்த வேன்கார்ட் 2024இல் லீக் ஆஃப் லெஜண்ட்ஸுக்கும் வந்துவிட்டது. கல்லூரியின் தகவல் தொழில்நுட்பப் பிரிவு அதை அனுமதிக்கத் தயங்குவது நியாயமே. நல்ல கல்லூரிகள் இ-ஸ்போர்ட்ஸ் அறைக்கெனத் தனி வலைப்பின்னலைப் பிரித்துக் கொடுத்திருக்கும். அதோடு, கணினி வலையமைப்பு அலகையும் தேர்ந்தெடுத்து, அந்த அறையையே மாணவர்களுக்கான பாடப்பொருளாக ஆக்கியிருக்கும். கல்லூரியைப் பார்வையிடச் செல்லும்போது, ‘புதுப்பிப்புகளை யார், எப்போது நிறுவுகிறார்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். உடனடியாகத் தெளிவான பதில் வந்தால் அங்கே பாடம் உண்மையாக நடக்கிறது என்று கொள்ளலாம்.

விளையாட்டுகளின் வயதுத் தரக்குறியீடும் கவனத்துக்குரியது. ஐரோப்பாவின் பெகி முறையில் ராக்கெட் லீக் சிறுவருக்கும் ஏற்றது. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் 12க்கு மேல். வேலரண்ட் 16க்கு மேல். மூன்றாம் நிலை மாணவர்களுக்குச் சிக்கல் இல்லை. 16 வயதுக்குட்பட்டோருக்கும் கற்பிக்கும் பள்ளிகள் எந்த விளையாட்டைத் தேர்ந்தெடுத்துள்ளன என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.

இனி என் முதன்மையான மனக்குறை. இத்துறையின் பொருளாதாரம் எவ்வளவு நிலையற்றது என்பது பாடத்தின் மையத்தில் இருக்க வேண்டும்; அலகுகளின் அமைப்பு அதனை நெறிமுறை, சட்டம் போன்ற தலைப்புகளுக்குள் ஓரமாக வைத்துவிடுகிறது. கால்பந்தை எவரும் உடைமையாகக் கொள்ள முடியாது. இ-ஸ்போர்ட்ஸின் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஓர் உரிமையாளர் நிறுவனம் உண்டு. அந்நிறுவனம் விதிகளை மாற்றலாம், உரிமத்தை மறுக்கலாம், போட்டியையே நிறுத்தலாம். ஓவர்வாட்ச் என்னும் விளையாட்டுக்காக 2018இல் பெரும் முதலீட்டோடு தொடங்கிய தொழில்முறைப் போட்டித் தொடரான ஓவர்வாட்ச் லீக் 2023இல் முடிவுக்கு வந்தது. இப்பாடத்தின் முதல் ஆண்டுத் தொகுதி மாணவர்கள் அதனை ஒரு வெற்றிகரமான எடுத்துக்காட்டாகப் படித்திருக்கக்கூடும். டோட்டா 2 விளையாட்டின் உலகப் போட்டியான தி இன்டர்நேஷனல் 2021இல் 4 கோடி டாலரைத் தாண்டிய பரிசுத் தொகையை வழங்கியது. 2023இல் அத்தொகை சுமார் 30 இலட்சம் டாலராகச் சரிந்தது. ரசிகர்கள் திடீரென மறைந்துவிட்டதால் நிகழ்ந்த சரிவன்று அது. விளையாட்டுக்குள் விற்கப்பட்ட பொருட்களின் வருவாயில் ஒரு பங்கைப் பரிசுக்கு அளிக்கும் முறையை, அவ்விளையாட்டின் உரிமையாளரான வால்வ் நிறுவனம் மாற்றிக்கொண்டதே பெரிய காரணம். இந்த ஒரே நிகழ்வை வைத்து ஒரு பருவம் முழுவதும் பாடம் நடத்தலாம். தொழில்முனைவு அலகை எழுதியவர்கள் புதிய நிறுவனத்தைத் தொடங்குவது பற்றி உற்சாகத்தோடு எழுதியிருக்கிறார்கள். பிறருடைய உடைமையின் மேல் தொழிலைக் கட்டுவதன் ஆபத்தை அதே அழுத்தத்தோடு எழுதியிருந்தால் மாணவர்களுக்குப் பெரும் நன்மையாக இருந்திருக்கும்.

உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் தனி அலகு ஒதுக்கியிருப்பதை மனமாரப் பாராட்டுகிறேன். உஸி என்ற பெயரில் புகழ்பெற்ற சீன ஆட்டக்காரர் 2020இல், தம் 23ஆம் வயதில், இரண்டாம் வகை நீரிழிவும் கைக்காயமும் காரணமாக ஓய்வை அறிவித்தார். உலகச் சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில், 2022 முதல் நடைமுறையில், விளையாட்டுக் கட்டுப்பாடின்மை ஒரு கோளாறாக இடம்பெற்றுள்ளது. இவற்றை மறைக்காமல், உட்காரும் முறை, மணிக்கட்டுப் பாதுகாப்பு, உறக்கம், உணவு, பயிற்சிக்கு இடையிலான ஓய்வு எனப் பாடமாக்கியிருப்பது பொறுப்பான செயல். வீட்டில் கணினியைப் பறித்து வைப்பதைவிட, தன் உறக்கத்தையும் ஆட்டத்திறனையும் தானே பதிவுசெய்து ஒப்பிடும் மாணவரிடம் மாற்றம் வருவதற்கு வாய்ப்பு அதிகம் என்று நம்புகிறேன்.

ஆட்டத்திறன், உத்தி, பகுப்பாய்வு பற்றிய அலகு நேர்த்தியானது. பதிவுசெய்த ஆட்டத்தைத் திரும்பப் பார்த்து, முடிவெடுத்த நொடிகளை அலசும் பழக்கத்தை அது வளர்க்கிறது. ஆனால் அது தொழில்முறை ஆட்டக்காரரை உருவாக்கும் பயிற்சியன்று. அந்த நிலைக்குச் செல்வோர் தரவரிசை ஆட்டங்களின் வழியே பெரும்பாலும் இந்த வயதிலேயே கண்டெடுக்கப்பட்டுவிடுகின்றனர். கல்லூரிகளின் விளம்பரப் படங்களில் கோப்பை ஏந்திய ஆட்டக்காரரே முன்னே நிற்கிறார். ஒலிப்பலகைக்கு முன் அமர்ந்திருக்கும் மாணவரையும் கேபிள் சுற்றும் மாணவியையும் அங்கே வைத்தால், சேருவோர் எதற்காகச் சேருகிறோம் என்பதை அறிந்து சேருவர். விளையாட்டில் தமக்கு இடமில்லை என்று எண்ணி விலகும் பல பெண்களும் தமக்கான பணியை அதில் காண்பர்.

மேற்படிப்பைப் பொறுத்தவரை, ஸ்டாஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகம் 2018இலேயே இ-ஸ்போர்ட்ஸ் இளங்கலைப் பட்டத்தைத் தொடங்கிவிட்டது. ஊடகத் தயாரிப்பு, நிகழ்ச்சி மேலாண்மை, வணிகம், சந்தைப்படுத்தல் ஆகியவற்றுக்கும் இத்தகுதி பொருத்தமான அடித்தளம். கணினி அறிவியலுக்கோ பொறியியலுக்கோ செல்ல விரும்புவோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்; பல பல்கலைக்கழகங்கள் அவற்றுக்கு ஏ லெவல் கணிதத்தைத் தனி நிபந்தனையாகக் கேட்கின்றன. 168 புள்ளிகள் இருந்தும் அந்த ஒரு பாடம் இல்லாமல் நிற்கும் நிலை எந்த மாணவருக்கும் வரக்கூடாது.

ஆகவே என் பரிந்துரை இரண்டு வகைப்படும். நேரலை, நிகழ்ச்சி, வர்ணனை ஆகியவற்றில் உறுதியான விருப்பம் கொண்ட மாணவர், அவ்வலகுகளை உண்மையான பார்வையாளர்களுக்கு முன் நடத்தும் கல்லூரி கிடைத்தால், 1080 மணிநேர விரிவு டிப்ளமோவைத் தயக்கமின்றித் தேர்ந்தெடுக்கலாம். இன்னும் முடிவெடுக்காத மாணவருக்கு, 360 மணிநேரச் சான்றிதழோடு கணிதத்தையும் விருப்பமான வேறொரு ஏ லெவல் பாடத்தையும் சேர்த்துப் படிப்பதே பொருந்தும். இரு நிலையிலும், விண்ணப்பத்தில் கையெழுத்திடுமுன் அந்தக் கல்லூரி கற்பிக்கும் விருப்ப அலகுகளின் பட்டியலையும், கடந்த ஆண்டு மாணவர்கள் நடத்திய ஒரு நேரலையின் முழுப்பதிவையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.