ஏடிவிக்கு ஏற்ற கம்ப்ரஷன் கேஜ்: திருகி மாட்டும் செட் எப்படி?

இன்ஜின் சிலிண்டரின் அழுத்தத்தை அளப்பது கம்ப்ரஷன் கேஜ். அதில் ரப்பர் முனையை ஸ்பார்க் பிளக் துளையில் அழுத்திப் பிடிக்கும் மலிவு வகை, கரடுமுரடான பாதைக்கான நான்கு சக்கர வண்டியான ஏடிவிக்கு ஒத்துவராது. பிரேமுக்கும் டேங்குக்கும் நடுவே கையை நேராக விட்டு அழுத்த இடமில்லை. கொஞ்சம் காற்று கசிந்தாலே நல்ல இன்ஜினுக்கும் பிஸ்டன் ரிங் போய்விட்டதாகத் தெரியும். திருகி மாட்டும் செட்டே சரி. அதில் 10, 12, 14 மி.மீ. அடாப்டர்கள் மூன்றும் இருக்க வேண்டும். யமஹா ராப்டர் 700இன் பிளக் 10 மி.மீ.; காருக்கென்று விற்கும் பல செட்களில் அந்த அளவே இருக்காது.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது ஹோஸ் நுனியிலுள்ள சின்ன வால்வு. அது பிளக் பக்கத்து முனையிலேயே இருக்க வேண்டும். கேஜ் பக்கம் இருந்தால் ஹோஸின் உள்ளளவும் சிலிண்டரோடு சேர்ந்து அழுத்தம் குறைந்து தெரியும். இன்ஜின் சிறிதாக இருந்தால் பிழை பெரிதாகும். இந்த வால்வு கெட்டால் டயர் வால்வு பின்னைப் போட்டுச் சமாளிப்பார்கள், கூடாது. அதன் ஸ்பிரிங் கடினமானது, தள்ளித் திறக்கவே அழுத்தம் செலவாகும், முள் குறைத்தே காட்டும். கேஜுக்கென்று மெல்லிய ஸ்பிரிங்கோடு வருவதையே போடுங்கள்.

இவ்வகை செட்டின் எரிச்சலூட்டும் குறை, ஹோஸைக் கழற்றும்போது அடாப்டர் மட்டும் குழிக்குள் நின்றுவிடுவது. அடாப்டரை ஹோஸோடு ஸ்பேனரால் இறுக்குங்கள். இன்ஜினில் கையால் இறுக்கினால் போதும், ஓ-ரிங் அடைத்துக்கொள்ளும். அடாப்டரின் மரை பிளக்கின் மரையைவிட நீளமாக இருந்தால் பிஸ்டனில் இடிக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்ஜின் சூடாக, பேட்டரி முழுச் சார்ஜில் இருக்கட்டும். கழற்றிய பிளக்கை அதன் கேப்பிலேயே மாட்டி, துளையிலிருந்து தள்ளி இன்ஜின் உலோகத்தில் எர்த் செய்யுங்கள். எஃப்ஐ (ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) வண்டியானால் பெட்ரோல் பம்ப் கனெக்டரையும் எடுத்துவிடுங்கள். திராட்டிலை முழுக்கத் திறந்து, முள் ஏறுவது நிற்கும்வரை செல்ஃப் அடிக்க வேண்டும். 5 முதல் 7 விநாடி ஆகும். திராட்டிலை மூடி அளந்தால் அந்த எண் எதற்கும் உதவாது. அளவு குறைந்தால் சுமார் 5 மி.லி. இன்ஜின் ஆயிலைத் துளைக்குள் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் அல்லது சிலிண்டர் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

பெரிய ஒற்றைச் சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் பலவற்றில் கேம்ஷாஃப்டிலேயே டீகம்ப்ரஷர் உண்டு. ஸ்டார்ட் செய்யும்போது அது எக்ஸாஸ்ட் வால்வைச் சற்றே திறந்து வைப்பதால், பழுதில்லாத இன்ஜினும் குறைந்த எண்ணையே காட்டும். அந்த மாடலின் சர்வீஸ் மேனுவல் தரும் எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். எண் அதைவிட மிக அதிகமென்றால் டீகம்ப்ரஷர் வேலை செய்யவில்லை, அல்லது கார்பன் படிந்திருக்கிறது. இத்தகைய வண்டிகளையே அதிகம் பார்ப்பவர்கள் இதே காசை, சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்திக் கசிவைக் காட்டும் லீக்டவுன் டெஸ்டரில் போடலாம்; கசியும் காற்று சைலன்சரில் வருகிறதா, ஏர் பாக்ஸிலா, கிராங்க்கேஸ் பிரீதரிலா என்று காதாலேயே பழுதைப் பிரித்துவிடலாம்.